மண்டைவிளக்கும் குத்துச்சண்டையும்

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் என் தலையைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அது அசையவே மாட்டேன் என்கிறதே என்று குத்துச்சண்டை மாஸ்டர் தன் தலையில் அடித்துக்கொண்டார். அதில் அடியே படக் கூடாது என்று அத்தை சொன்னாள். அதைக் கொஞ்ச நேரம் ஆட்டாமல்தான் வைத்துக்கொள்ளேன் என்று அம்மா கெஞ்சினாள். அப்பா மட்டும் தறியை விட்டு எழுந்து வந்து, என் நெற்றியை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டே வார்த்தை சொல்லித் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். வாயாடும் அத்தையைவிட வாயே திறக்க யோசிக்கும் அப்பாவிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பா பட்டு நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது அம்மா. இதில் குத்துச்சண்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பள்ளி மைதானத்திலிருந்து வந்தது. பகலில் ஏதோ ஒரு கம்பெனியில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், மாலையில் எங்கள் மைதானத்துக்கு வந்து பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அவரைத்தான் எல்லோரும் மாஸ்டர் என்றோம். முதல் நாள் எங்கள் வகுப்புப் பெண்களை வரிசையாக நிறுத்தி மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். மற்றவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லை என்பதால் ஓடிக்கொண்டே இருந்தேன். அதைப் பார்த்து அவர் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அப்பாவிடம் கேட்டபோது “ஓடட்டும்” என்றார். அதாவது அவர் அனுமதி தந்தது ஓட்டத்துக்கு. குத்துச்சண்டை என்ற சொல்லை நானும் அம்மாவும் வீட்டில் ரொம்ப நாள் வாயில் எடுக்கவே இல்லை. நாங்கள் இருவரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதில்லை. எனக்குச் சொல்லப் பயமாக இருந்தது. அம்மா ஏன் சொல்லவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

மாஸ்டருக்கு எங்களை அடிக்க விடுவதில் அவசரமே கிடையாது. பல மாதங்கள் வெறும் கால்தான். சனிக்கிழமை விடிகாலையில் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்று மணலில் இறக்கிவிட்டு ஓடச் சொல்வார். பாலாற்றில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். மணலில் வைத்த கால் பாதி உள்ளே போய்விடும், அதைப் பிடுங்கி அடுத்ததை வைப்பதற்குள் முதல் கால் மறுபடி புதையும். அது முடிந்தால் கயிறு தாண்டுதல். கயிறு காலில் தட்டினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதற்கப்புறம்தான் மூட்டை. கிழிந்த துணியும் மரத்தூளும் திணித்த சாக்கு மூட்டை ஒன்று புங்கமரத்தில் தொங்கியது. நாளாக ஆக உள்ளே இருப்பதெல்லாம் கீழே இறங்கி, அடிப்பாகம் கருங்கல்லாகவும் மேல்பாகம் காலிச் சட்டையாகவும் ஆகிவிட்டது. உயரமான பெண்கள் காலிச் சட்டையைக் குத்தினார்கள். நான் குள்ளம்.

எல்லாம் வந்தது, தலைதான் வரவில்லை. எதிரி குத்து விடும்போது தலையைச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு நேராக நிற்பேன். மாஸ்டர் இரண்டு மரங்களுக்கு நடுவே தோள் உயரத்தில் ஒரு கயிறு கட்டி, அதன் கீழே இடமும் வலமுமாகக் குனிந்து குனிந்து எழுந்து முன்னேறச் சொன்னார். முழங்கால் மடங்க வேண்டும், கண் எதிரியை விட்டு அகலக் கூடாது. இதை வீட்டிலும் செய்து பழகு என்றார். வீட்டில் கயிற்றுக்கு எங்கே போவது என்று நான் தேடவே இல்லை. எங்கள் தெருவில் காலையில் தறியில் ஏற்றுவதற்குப் பாவு நீட்டியிருப்பார்கள். பட்டு இழைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எனக்கென்றே அளந்த மாதிரி தோள் உயரத்தில் ஓடும். நான் அதன் கீழே இடமும் வலமுமாகக் குனிந்து எழுந்து பாதித் தெரு வரை போய்விட்டேன். அப்பா பார்த்துவிட்டார். அவர் கத்தவில்லை. என் தோளைப் பிடித்து வெளியே இழுத்து நிறுத்தி, நான் குனிந்த இடமெல்லாம் இழை அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கவே இல்லை. அன்று சாயங்காலம் அம்மா கொல்லையில் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள்.

கார்த்திகை பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு மாஸ்டர் முதன்முறையாக என்னை ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணோடு மோதவிட்டார். தலைக்கவசம் போட்டிருந்தோம். இருந்தாலும் அவளுடைய வலது கை என் இடது புருவத்துக்கு மேல் வந்து உட்கார்ந்தது. வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். மூட்டை இதுவரை என்னைத் திருப்பி அடித்ததில்லை. வீட்டுக்குப் போவதற்குள் நெற்றி வீங்கிவிட்டது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். ஆனால் எனக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அத்தையின் பையன் மைதானத்தில் நின்று எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து, மாமா பெண் குத்துச்சண்டை போடுகிறாள் என்ற பெருமையில் தெரு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். ஆனால் அதிகாரம் எங்கள் வீட்டில்தான். நல்லது கெட்டது எதுவானாலும் அத்தையைக் கேட்காமல் நடக்காது. அவளுக்கு எதுவும் ஒன்றோடு முடியக் கூடாது. எனக்கு ஜுரம் வந்தால் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விளக்குப் போடலாமா என்பாள், அத்தை மூன்று வெள்ளிக்கிழமை என்பாள். பொங்கலுக்கு ஒரு கரும்பு வாங்கினால் போதுமா என்றால் மூன்று வாங்கச் சொல்வாள். ஒன்று என்று சொல்லும் யாரையும் அவள் நம்பியதில்லை.

அவள் வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னாடா இது? பொண்ணு நெத்தி எலுமிச்சம்பழமாட்டம் வீங்கிக்கினு இருக்குது, நீ பாட்டுக்குத் தறியில உக்காந்துக்கினு இருக்கற? மூஞ்சில ஒரு எலும்பு ஒடஞ்சா யாரு ஜவாப்பு? நாளைக்கு இவளப் பாக்க வர்றவன் மூக்கு எங்கன்னு கேப்பான்.”

அப்பா காலைத் தறிக்குழியிலிருந்து எடுத்தார். என் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பாவு இழையைத் தடவுவதுபோல வீக்கத்தைத் தொட்டும் தொடாமலும் தடவினார். கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“நாளையிலேர்ந்து வேணாம்” என்றார்.

அவ்வளவுதான். அப்பா அளந்து பேசுகிறவர். அவர் ஒரு தரம் சொல்லிவிட்டால் அதன்மேல் யாரும் பேசுவதில்லை. மார்கழியில் மாவட்ட அளவில் தேர்வுப் போட்டி இருந்தது. அதில் கலந்துகொள்ள என் பெயரை மாஸ்டர் சேர்த்திருந்தார். அன்று இரவு சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதேன். அம்மா ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அத்தை கத்தியபோது தலையைக்கூட நிமிர்த்தாமல் நாடாவில் சிக்கிய நூலை எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவை எனக்கு அன்றைக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் அப்பா காபி குடிக்கும்போது அத்தையும் வந்திருந்தாள். அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “ராத்திரி தூக்கமே இல்ல அண்ணி. கச்சபேஸ்வரருக்கு மண்டவௌக்கு வேண்டிக்கினேன். இந்தக் கார்த்திகையில எல்லா ஞாயித்துக்கெழமையும் இவளையே எடுக்க வெக்கறேன்னு.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தலைவலி, காதுவலி, மண்டையில் எந்தக் கோளாறு என்றாலும் எங்களுக்குக் கச்சபேஸ்வரர் கோயில்தான். கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு, புது மண்சட்டியில் அரிசிமாவு விளக்கு வைத்து நெய்யூற்றி ஏற்றி, அதைத் தலையில் சுமந்து கோயிலைச் சுற்றி வர வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைஞாயிறு என்று பெயர். அன்றைக்குக் கோயிலில் எங்கு பார்த்தாலும் தலைகளும் தலைகள்மேல் நெருப்புமாகத்தான் இருக்கும்.

அத்தைக்கு இதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. தன்னுடைய ஒற்றைத் தலைவலி மண்டைவிளக்கு எடுத்துத்தான் போனது என்று ஊரெல்லாம் சொல்லிவருபவள் அவள். “நல்லதுதான்” என்றாள்.

“குத்துச்சண்டைக்குப் போற தலைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வேண்டிக்கினுகிறேன்” என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “வேண்டுதல் முடியறவரைக்கும் போய்க்கினு வரட்டும். நடுவுல நிறுத்தினா சாமிகிட்ட பொய் சொன்னாப்பல ஆயிடும்.”

அப்பா காபியை முழுதும் குடித்தார். “கார்த்திகை முடியட்டும்” என்றார்.

இதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கார்த்திகை முடிந்தால் மார்கழி. போட்டி மார்கழியில். போட்டிவரை கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தும் வேலையாக எனக்குத் தெரிந்தது. அதோடு, அந்தக் குளிரில் ஈரப் பாவாடையோடு தலையில் நெருப்பை வைத்துக்கொண்டு நடக்கப்போவது நான். என் வகுப்புப் பையன்கள் யாராவது பார்த்தால் என்னாவது? அம்மாவும் அத்தையோடு சேர்ந்துகொண்டு என்னைத் தண்டிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அம்மா எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்ய மாட்டாள். தண்ணீர் நிரப்பிய சட்டியை என் தலையில் வைத்து, வீட்டுக்குள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கவிட்டாள். “தலைய ஆட்டாத. கழுத்து நேரா இருக்கணும். கால மட்டும் நகத்து.” காலையில் இது. மாலையில் மைதானத்தில் மாஸ்டர் கத்துவார்: “தலைய ஆட்டு பாப்பா! ஆட்டு! இன்னா, கழுத்துல குச்சி வெச்சிக் கட்டியிருக்குதா?” காலையில் அம்மா சொன்னது கழுத்துக்கு நன்றாகப் பிடித்துப்போய்விட்டது. மாலையில் நான் இன்னும் விறைப்பாக நின்று இன்னும் நன்றாக அடி வாங்கினேன். சட்டி சுமந்ததால் கழுத்து உரம் ஏறி, கடைசியில் அதனாலேயே வெற்றி பெற்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஒருநாள் மாஸ்டர் சலித்துப்போய், “ஆமையப் பாத்திருக்கிறியா? ஆபத்து வந்தா தலைய இன்னா பண்ணும்? அந்த மாதிரி தோளுக்குள்ள வாங்கு” என்றார். இதை வீட்டில் சொன்னபோது அம்மா அடக்க மாட்டாமல் சிரித்தாள். கச்சபேஸ்வரர் கோயிலே, பெருமாள் ஆமை வடிவில் வந்து சிவனைக் கும்பிட்ட இடம். “ஒங்க மாஸ்டருக்கும் நம்ம கோயில்தான் கதி” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரத்தில்தான் ஒரு மாலை, மைதானத்துக் கம்பிக்கதவுக்கு வெளியே கையில் கூடையோடு அம்மா நிற்பதைப் பார்த்தேன். காய் வாங்கப் போனவள். மார்க்கெட் அந்தப் பக்கமே இல்லை. நான் கயிறு தாண்டி முடித்து மூட்டைக்குப் போகும்வரை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். உளவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறுகள் ஒழுங்காகக் கழிந்தன. குளத்தில் முழுகுவேன், பல் கிட்டித்துப்போகும், தலையில் சும்மாடு சுற்றி அம்மா சட்டியைத் தூக்கி வைப்பாள், நான் ஒரு சுற்று வந்து சந்நிதிக்கு எதிரே இறக்கி வைப்பேன். விளக்கு இறங்கும்வரை நானும் அம்மாவும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்க மாட்டோம். அம்மா என் பின்னாலேயே வருவாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அவள் உண்மையாகத்தான் வேண்டிக்கொண்டாள். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

கடைஞாயிறு அன்று குடும்பமே வந்திருந்தது. முன்னால் அத்தை கூட்டத்தை முழங்கையால் விலக்கி வழி பண்ணிக்கொண்டு போனாள், நடுவில் நான், பின்னால் அம்மா. அப்பா என் மாற்றுத்துணிப் பையோடு மண்டபத்து ஓரமாக நின்றிருந்தார். அன்றைய கூட்டத்தில் யாரும் தானாக நடக்கவில்லை. பின்னால் இருப்பவர்கள் தள்ளினார்கள், முன்னால் இருப்பவர்கள் நகர்ந்தார்கள். நெய்ப்புகையில் கண் எரிந்தது. என் முன்னால் ஒருவர், அழுத தன் சின்னப் பையனை இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற்றிக்கொண்டார். ஏற்றும்போது அவருடைய முழங்கை சுழன்று நேராக என் முகத்துக்கு வந்தது.

அந்த முழங்கையை நான் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. முழங்கால் தானாக மடங்கியது, இடுப்பு தாழ்ந்தது, தலை இடதுபக்கம் நழுவியது. முழங்கை என் காதை உரசிக்கொண்டு போனது. மாஸ்டர் எத்தனையோ மாதங்களாகத் தொண்டை கிழியக் கத்தியும் வராதது, கச்சபேஸ்வரர் கோயில் பிராகாரத்தில் அப்பழுக்கில்லாமல் வந்துவிட்டது.

சட்டிக்குக் குத்துச்சண்டை தெரியாது. அது இருந்த இடத்திலேயே ஒரு கணம் இருந்துவிட்டுக் கீழே விழுந்து நொறுங்கியது. நெய் கல்லில் பரவியது. திரி தரையிலும் கொஞ்ச நேரம் எரிந்து, யாரோ மிதித்து அணைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அடடா என்று காலைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். சொன்னால் அடிக்க வருவீர்கள், அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது பயமே இல்லை. ஆடியதே! தலை ஆடியதே! மாஸ்டர் பார்க்கவில்லையே!

அத்தையின் குரல்தான் என்னை இழுத்து வந்தது. “ஐயையோ! கடைஞாயிறு அன்னைக்கு வௌக்க ஒடச்சிட்டாளே!” சத்தம் கேட்டு அப்பா பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “பாத்தியாடா? சாமியே வேணாம்னு தள்ளிவுட்டுட்டாரு” என்று அவரிடம் சொன்னாள். அப்பா உடைந்த சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்பா வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஆனால் அம்மா முந்திக்கொண்டாள். அவரிடம் பேசவில்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இதெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும். ஒடஞ்சி போச்சின்னா இன்னா பண்ணணும்?”

அத்தையின் முகம் மாறியது. பதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து நின்றாள். “இன்னா பண்றது? வேற சட்டி வாங்கி இன்னைக்குச் சுத்தி வந்து முடிக்கணும். அப்பறம் அடுத்த கார்த்திகையிலயும் எடுக்கணும்.”

“அடுத்த கார்த்திகை ஒண்ணு எடுத்தா போதுமா அண்ணி?” என்றாள் அம்மா, ரொம்பப் பவ்யமாக.

“ஒண்ணா? அது எப்படிமா போதும்? கடைஞாயிறு அன்னைக்கு ஒடச்சிக்கிறா! மூணு வருசம் எடுக்கணும்.”

“மூணு வருசமா?”

“மூணு வருசம்!” என்றாள் அத்தை, தீர்ப்பு எழுதியதுபோல.

அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டாள். “சரி அண்ணி. நீங்க சொன்னா சரி.” பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அப்போ வேண்டுதல் இன்னும் முடியல. எதுக்காக வேண்டிக்கினமோ, அத அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது, இல்ல அண்ணி?”

“நிறுத்தறதா? அது எப்படி நிறுத்த முடியும்? சாமி குத்தம் ஆயிடும்” என்று அத்தை அதட்டினாள்.

அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் மூன்று வருடம் என்ற ஒன்றுதான். மூன்று வருடம் இந்தக் குளம், இந்தக் குளிர், இந்த ஈரப் பாவாடை. அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். வாசலில் குயவர் கடையில் அப்பா போய் வேறு சட்டி வாங்கி வந்தார். அம்மா மறுபடி மாவை உருட்டி விளக்கு வைத்தாள். அழுதுகொண்டே மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். இந்தத் தடவை அம்மாவின் கை என் தோளை விடவே இல்லை. அம்மாவும் அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க முடியாது, தலையில் விளக்கு இருந்தது.

மார்கழியில் போட்டிக்குப் போனேன். அம்மாதான் பஸ்ஸில் கூட வந்தாள். முதல் சண்டையில் எதிரே நின்ற பெண் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்ததால் ஜெயித்தேன். இரண்டாவதில் என் தலை பழையபடி கம்பமாக நின்றது. வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு தோற்றேன். கோயிலில் ஆடிய தலை குத்துச்சண்டை வளையத்துக்குள் உருப்படியாக ஆட இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. பத்தாம் வகுப்பில் மாநில அளவில் ஒரு வெண்கலம் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்கு மேல் பெரிய கதை ஒன்றும் இல்லை. இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு அதே மைதானத்தில் சின்னப் பெண்களைத் தலையை ஆட்டச் சொல்லிக் கத்துகிறேன். அவர்களில் பல பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திடீரென்று ஒருநாள் வராமல் போவார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், பெரிய பெண்ணாகிவிட்டாள் என்பார்கள். அந்தப் பதிலோடு திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கடைஞாயிறு ஞாபகம் வருகிறது.

அம்மாவிடம் இதைப் பற்றி நேராகக் கேட்டும் பார்த்துவிட்டேன். “அத்த மூணுதான் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சிதானே கேட்ட?” என்றேன். “போடி, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்குது? வௌக்கு ஒடஞ்சிது, பரிகாரம் பண்ணோம்” என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தாள்.

அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

எட்டாம் வகுப்புக் கார்த்திகையில் பரிகாரத்தின் முதல் வருடத்து விளக்கை எடுத்து முடித்தேன். அடுத்த மாசி மாதம் நான் பெரிய பெண்ணானேன். வீட்டில் சடங்கு வைத்தார்கள். தலை நிறையப் பூவும், பாரம் தாங்க முடியாத பட்டுப்புடவையுமாக என்னை நடுக்கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். தலையை ஆட்டினால் பூ விழும் என்று அன்றைக்கும் சொன்னார்கள். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, வீட்டு மனிதர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, அத்தை வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்.

“நல்லபடியா முடிஞ்சிதுடா. இனிமே மைதானம் கிதானமெல்லாம் வேணாம். வயசுக்கு வந்த பொண்ணு. எல்லாத்தையும் இன்னையோட நிறுத்திடு.”

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டப் போனார். அம்மா எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இலையை மடித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, சொன்னாள்.

“இன்னும் ரெண்டு கார்த்திகை பாக்கி இருக்குது அண்ணி. நீங்கதானே சொன்னீங்க.”

அத்தையின் விரல் சுண்ணாம்போடு நின்றது. அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவளை அப்படி உற்றுப் பார்த்து நான் பார்த்ததில்லை. பிறகு அக்கா பக்கம் திரும்பி, “ஆமாக்கா, வேண்டுதல் இருக்குதே” என்றார்.

நான் பூவும் புடவையுமாக உட்கார்ந்தபடி அம்மாவைப் பார்த்து முறைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எல்லோரும் ஒருவழியாக மறந்துபோயிருந்த அந்தச் சட்டியையும் ஈரப் பாவாடையையும் இவளே எதற்கு ஞாபகப்படுத்தித் தொலைக்கிறாள் என்று இருந்தது.